ஒட்டிய இமை முடி ஏன் நிற்பதில்லை? நம் ஊர் ஈரக்காற்றும் சலூன் பசையும்

நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் பஸ் ஸ்டேசன் பக்கம் போனாலும் சரி, தாமான் கடை வரிசைக்குள் நுழைந்தாலும் சரி, த்ரெடிங், பேசியல், மருதாணி என்று எழுதியிருக்கும் போர்டுகளில் இப்போது இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது: ஐலேஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த இமை முடியோடு செயற்கை இழையை ஒட்டுவது. இதற்கென்று ஈப்போ வரைக்கும் போக வேண்டியிருந்த காலம் போய்விட்டது. கல்யாணப் பெண் மட்டும் செய்துகொள்வாள் என்பதும் மாறி, பேக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளைகள், தோட்ட ஆபீசில் கிராணியாக இருப்பவர்கள், பாலர் பள்ளி ஆசிரியைகள் என்று எல்லாரும் படுத்து எழுந்து வருகிறார்கள், தீபாவளிக்கு முந்தைய வாரம் இடமே கிடைக்காது. அப்புறம் மூன்றாம் நாள் புகார் ஆரம்பிக்கிறது. பாதி கொட்டிப் போச்சு, ஒரு கண்ணில் இருக்கிறது மறு கண்ணில் இல்லை, கண் சிவந்து போச்சு. சலூனில் போய்க் கேட்டால், "உங்களுக்கு எண்ணெய் முகம்க்கா, அதான் நிக்கல", "குப்புறப் படுத்திருப்பீங்க" என்று பதில் வருகிறது. சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நானும் ஒட்டிப் பார்த்து, நன்றாகச் செய்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தும் பார்த்த பிறகு சொல்கிறேன், பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: நம் காற்றில் இருக்கும் ஈரம், வேலை செய்பவரின் அவசரம். இரண்டும் வாடிக்கையாளரின் குற்றம் இல்லை.

முதலில் எதை ஒட்டுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். பெட்டியில் மிங்க் என்று இருக்கும், சில்க் என்று இருக்கும், விலையும் வேறு வேறாக இருக்கும். இன்றைக்கு சலூன்களில் புழங்குவதில் கிட்டத்தட்ட எல்லாமே பிபிடி என்கிற ஒருவகை பாலியெஸ்டர் இழைதான், பல் துலக்கும் பிரஷ்களின் முடிக்கும் இதே பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். மிங்க், சில்க் என்பதெல்லாம் அந்த இழையின் மினுமினுப்பையும் நுனி மெலிவையும் வைத்துக் கொடுத்த பெயர்கள். ஆகவே மிங்க் என்பதற்காகக் கூடுதலாக முப்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது நீளமும் தடிமனும். ஒரு முடிக்கு ஒரு முடி ஒட்டும் கிளாசிக் முறையில் 0.15 மில்லிமீட்டர் தடிமன் சாதாரணம், சிலர் 0.20 கூட வைக்கிறார்கள். விசிறி மாதிரி விரித்து ஒட்டும் வால்யூம் முறையில் ஒவ்வொன்றும் 0.03 முதல் 0.07 வரை மெல்லியதாக இருக்கும். தடிமன் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும், அதாவது 0.20 ஒன்றை ஒட்டுவதும் 0.10 நான்கை ஒட்டுவதும் இமைக்கு ஒரே பாரம்தான். "நல்லா திக்கா வைங்க" என்று நாமே கேட்டு வாங்குவது, மெல்லிய இமைக்காரருக்கு, வாழைக்கன்றில் முழுத் தாரைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

நம் சொந்த இமை முடிக்கு ஒரு கணக்கு உண்டு. மேல் இமையில் ஏறக்குறைய 90 முதல் 160 முடிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிக் காலத்தில் வளர்ந்து, நின்று, உதிரும். ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை உதிர்வது இயற்கை, ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அது நடக்கும். உதிரும்போது ஒட்டியதும் சேர்ந்தே போகும். வளரும் முடியோ நாளைக்கு ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும், மூன்று வாரத்தில் இரண்டரை மில்லிமீட்டர். ஆகவே இமை ஓரத்தில் ஒட்டிய இடம் மெல்ல மேலே தள்ளப்பட்டு, பாரம் நுனிப் பக்கம் போய், முடி திரும்பி வளைய ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரீபில், அதாவது கொட்டிய இடத்தில் புதிதாக ஒட்டுவது, போட வேண்டும் என்பது வியாபாரத் தந்திரம் இல்லை, இந்தக் கணக்குதான்.

இப்போது கை வேலைக்கு வருவோம். படுத்ததும் கண்ணுக்குக் கீழே குளிர்ச்சியான ஜெல் பேட் ஒன்றை வைத்து, கீழ் இமை முடிகளை அதற்குள் அமுக்கி மூடுவார்கள். பேட் ஓரம் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உரசக் கூடாது, உரசினால் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஒன்றரை மணி நேரம் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தால் அந்த இடத்தில் புண்ணே வந்துவிடும். பிறகு மேல் இமையைத் துடைத்து, முடியில் மிச்சமிருக்கும் எண்ணெயை எடுக்கும் பிரைமர் தடவி, ஒரு சின்னப் பச்சைக் கல்லின் மேல் பசையை ஒரு சொட்டு விடுவார்கள். வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான். இடது கையில் ஒரு ட்வீஸர், வலது கையில் ஒன்று. இடது கை ட்வீஸர் இரண்டு பக்க முடிகளையும் விலக்கிப் பிடித்து, நடுவில் ஒரே ஒரு முடியைத் தனியாக நிறுத்தும். வலது கை, பசையில் தொட்ட இழையை அந்த ஒற்றை முடியின் மேல், தோலிலிருந்து அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ தள்ளி, படுக்க வைக்கும். பசை பிடிக்கும் வரை இடது கை விலகாது. அதற்குப் பிறகுதான் அடுத்தது. "அக்கா, கண்ணத் திறக்காதீங்க, பேசாதீங்க, பேசினா இமை ஆடுது" என்று அந்தப் பெண் சொல்வாள், ஏனென்றால் அவள் வேலை செய்வது மில்லிமீட்டரில்.

இந்த விலக்கிப் பிடிக்கும் வேலைதான் எல்லாம். அதைச் செய்யாமல் ஒட்டினால் பக்கத்துப் பக்கத்து முடிகள் இரண்டு மூன்று ஒரே இழையில் சிக்கிக்கொள்ளும். அவை ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒன்று வளரும் கட்டத்தில் இருக்கும், இன்னொன்று உதிரும் கட்டத்தில் இருக்கும். வளரும் முடி உதிரும் முடியை இழுக்கும், உதிரும் முடி தன்னோடு வளரும் முடியையும் வேரோடு பிடுங்கும். இமை ஓரத்தில் ஊசி குத்துவது போல் வலி, கண் மூடும்போது சுளீர் என்பது, இதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி மெலிந்து, வழுக்கை விழலாம். இறுக்கி ஜடை போட்டே நெற்றியோரம் முடி இழப்பவர்களைப் பார்த்திருப்போம், காரணம் ஒன்றேதான்: ஓயாத இழுப்பு.

சரி, இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணுக்கு 80 முடி என்று வைத்தாலும் இரண்டு கண்ணுக்கு 160. ஒவ்வொன்றுக்கும் 45 விநாடி எடுத்தால் இரண்டு மணி நேரம். நாற்பது நிமிடத்தில் முழு செட் முடிக்கிறோம் என்று ஒரு கடை சொன்னால், ஒரு முடிக்கு 15 விநாடி. அதற்குள் விலக்கி, தொட்டு, ஒட்டி, பிடிக்கும் வரை காத்திருக்க முடியுமா? நல்ல அனுபவசாலிக்கே கஷ்டம். அப்படியானால் நடப்பது இரண்டில் ஒன்று: குறைவான முடிகளில் ஒட்டுகிறார்கள், அல்லது ஏற்கெனவே கட்டி வைத்த கொத்துகளை நாலைந்து முடிகளின் மேல் சேர்த்து அப்புகிறார்கள். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். எங்கள் பக்கம் 80 ரிங்கிட்டுக்கும் செய்கிறார்கள், 150க்கும் செய்கிறார்கள், இழையின் விலையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. நாம் காசு கொடுப்பது அந்தப் பெண்ணின் நேரத்துக்கு.

இனி பசை. இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இமைக்குப் பயன்படும் பசை சயனோஅக்ரிலேட், நாம் வீட்டில் பிய்ந்த செருப்பை ஒட்ட வைத்திருக்கும் சூப்பர் குளுவின் அதே குடும்பம், கண்ணுக்குப் பக்கத்தில் வைக்கும்படி சுத்தப்படுத்திய வகை. அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்து வேதியியலாளர் ஹாரி கூவர் 1942இல் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது கைக்கு வந்தது, தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அவருடைய குழுவில் இருந்த பிரெட் ஜாய்னர் ஒளி விலகல் அளவு பார்ப்பதற்காக எத்தில் சயனோஅக்ரிலேட்டை இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு நடுவில் தடவ, பட்டகங்கள் பிரியவே இல்லை. அப்போதுதான் இது பசை என்று உணர்ந்தார்கள், 1958இல் விற்பனைக்கு வந்தது. இன்று இமைப் பசைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதே எத்தில் வகைதான்.

இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் மேற்பரப்பிலும் இருக்கும் துளி நீர் பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகின்றன. ஈரம்தான் அதற்குச் சாவி. ஈரம் குறைந்தால் மெதுவாகப் பிடிக்கும், கூடினால் சட்டென்று பிடிக்கும். பெரும்பாலான பாட்டில்களில் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதம் வரை இருக்கும் அறையில் பயன்படுத்தச் சொல்லியிருக்கும். நம் ஊரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மாலை மழை கொட்டினால் அதற்கு மேலே போகும். கதவைத் திறந்து போட்டு, மின்விசிறி மட்டும் சுழலும் கடைவீட்டில், மழை நாளில், இந்தப் பசைக்கு என்ன ஆகும்? இழையைச் சொட்டில் தொட்டு எடுத்து இமைக்குக் கொண்டுபோகும் அந்த ஓரிரு விநாடியிலேயே வெளிப்புறம் தோல் கட்டிவிடும். முடியின் மேல் வைக்கும்போது ஒட்டிய மாதிரி தெரியும், ஆனால் பசை முடியைச் சுற்றிப் படர்ந்திருக்காது, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். ரொம்ப ஈரமாக இருந்தால் பசை வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய், இறுகியது நொறுங்கும் தன்மையோடு இருக்கும். மூன்றாம் நாள் தலையணையில் கொட்டிக் கிடப்பது இதுதான்.

நல்ல சலூனில் ஏர்கோன் போடுவது நமக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்பதற்காக மட்டும் இல்லை, அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வெளியே தள்ளும். சுவரில் சின்னதாக ஈரப்பத மீட்டர் ஒன்று மாட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லின் மேல் விட்ட சொட்டைக் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாளா என்று பாருங்கள், நம் ஊரில் அதைவிட அடிக்கடியும் மாற்ற வேண்டியிருக்கும். பாட்டிலைத் திறந்த தேதி அதன் மேல் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள், திறந்த பசை நாலிலிருந்து எட்டு வாரம்தான் தாங்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு பாட்டிலை மூன்று மாதம் இழுத்துக்கொண்டு வரும் கடையில் எப்படி நிற்கும்?

யார் பக்கம் தவறு என்று கண்டுபிடிக்க வேறெங்கும் போக வேண்டாம். விழுந்த இழையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதோடு நம் சொந்த முடி ஒன்று ஒட்டியிருந்து, அதன் அடியில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது தானாக உதிர வேண்டிய காலத்தில் உதிர்ந்தது, யார்மேலும் பழி இல்லை. ஒட்டிய இழை மட்டும் தனியாக விழுந்திருந்தால் பசை பிடிக்கவில்லை, ஈரமோ பழைய பாட்டிலோ சரியாகத் துடைக்காததோ காரணம். இரண்டு மூன்று சொந்த முடிகள் ஒரே இழையில் கொத்தாக வந்திருந்தால், விலக்கிப் பிடிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள், அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். இந்த மூன்றையும் ஒரு டிஷ்யூவில் மடித்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், எண்ணெய் முகம் என்ற பேச்சு அங்கே எழாது.

சிவப்பும் வீக்கமும் வேறு கதை. செய்து முடித்து எழுந்ததும் கண் வெண்படலம் சிவந்து எரிந்தால், பசையிலிருந்து எழும் ஆவி கண்ணுக்குள் போயிருக்கிறது, பெரும்பாலும் வேலை நடக்கும்போது இமை லேசாகத் திறந்திருந்திருக்கும். அது ஒரு நாளில் அடங்கக் கூடும். ஆனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ காலையில் எழும்போது இரண்டு மேல் இமையும் உப்பி, தாங்க முடியாத அரிப்போடு இருந்தால், அது ஒவ்வாமை. முதல் தடவையே வர வேண்டும் என்றில்லை. பல தடவை ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்கும் திடீரென்று வரும், வந்துவிட்டால் அடுத்தடுத்த தடவை இன்னும் மோசமாகும். மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி போய்ப் படுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சென்சிட்டிவ் பசை என்று தருவதும் சயனோஅக்ரிலேட்தான், ஆவி குறைவு, அவ்வளவே. கண்ணை எரிக்கும் வாயுவான பார்மால்டிஹைட் இல்லாதது என்று பாட்டிலில் போட்டிருப்பதையும் முழுதாக நம்ப முடியாது, ஏனென்றால் அதை யாரும் தனியாகச் சேர்ப்பதில்லை, இறுகிய பசை மெல்லச் சிதையும்போது தானாகக் கொஞ்சம் வெளிவருகிறது. 2012இல் ஜப்பானியக் கண் மருத்துவர்கள் இமை முடி ஒட்டிக்கொண்டு கண் கோளாறோடு வந்த 107 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதிகம் பேருக்கு இருந்தது விழியும் அதன் மேல்சவ்வும் சேர்ந்து அழன்றுபோன நிலை, அடுத்தபடி இமை ஒவ்வாமை. அவர்கள் சோதித்த பசைகளிலிருந்து பார்மால்டிஹைட் வெளியானதையும் பதிவு செய்தார்கள்.

ஆகவே பேட்ச் டெஸ்ட். காதுக்குப் பின்னால் ஒரு துளியோ, இமை ஓரத்தில் இரண்டு மூன்று முடிகளோ ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பது. வேலை முடிந்து வரும் வழியில் போய் அன்றைக்கே முழுசாக முடித்துவிட வேண்டும் என்று நாம் நிற்பதால் கடைக்காரர்களும் இதைத் தவிர்க்கிறார்கள். இரண்டு பேரும் மாற வேண்டிய இடம் இது.

நீளத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 22 வகைப் பாலூட்டிகளின் இமை முடியை அளந்து, செயற்கைக் கண் ஒன்றைச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். இமை முடி கண் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கண்ணுக்குள் விழும் தூசியும் கண்ணீர் ஆவியாவதும் பாதியாகக் குறைகின்றன. அதைவிட நீண்டால் எதிர்மாறாக, முடிகளே காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பிவிடுகின்றன. எல்பில் தோட்டப் பக்கம் செம்மண் ரோட்டில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு மோட்டாரில் போகும் பெண்ணுக்கு இது வெறும் ஆராய்ச்சிச் செய்தி இல்லை. 14, 15 மில்லிமீட்டர் கேட்காமல், சொந்த முடியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலோடு நிறுத்தினால் பார்வைக்கும் நன்றாக இருக்கிறது, கண்ணும் வறண்டு போவதில்லை.

செலவும் பேச வேண்டியதுதான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதலில் ஒட்டும் 120 மட்டும் இல்லை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரீபில் 60, 70 என்று போய்க்கொண்டே இருக்கும், கழற்றவும் தனிக் காசு. மாதா மாதம் கட்ட முடியாது என்றால், கல்யாணத்துக்கு ஒரு நாள் மட்டும் பட்டையாக ஒட்டிக் கழற்றும் ஸ்ட்ரிப் லேஷே போதும். லேஷ் லிப்ட் என்று சொந்த முடியையே மருந்து தடவிச் சுருட்டிவிடுவதும் உண்டு, பாரம் கிடையாது, ஆனால் அதுவும் கண் ஓரத்தில் ரசாயனம்தான்.

தீபாவளி சமயத்தில் இன்னொரு சிக்கல். முந்தைய நாள் ஒட்டிக்கொண்டு வந்து, விடியற்காலை அம்மா நல்லெண்ணெயை உச்சியில் வைத்து முகமெல்லாம் வழியவிட்டால், பிறகு சீயக்காய் போட்டுத் தேய்த்தால், எது நிற்கும்? எண்ணெயை விட அந்தத் தேய்ப்பும் துடைப்பும்தான் அதிகம் பிடுங்கும். நாலைந்து நாள் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள், எண்ணெயை உச்சந்தலையோடு நிறுத்தச் சொல்லுங்கள், முகத்தை ஒற்றி எடுங்கள். முறுக்கு சுடும் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் குனிவதும், அடுப்பு நெருப்பில் முகம் காட்டுவதும் வேண்டாம், பிளாஸ்டிக் இழை சூட்டில் சுருண்டு கருகும். மற்றபடி தினமும் கழுவத்தான் வேண்டும். கொட்டிவிடுமோ என்று தண்ணீரே படாமல் வைத்திருப்பவர்களுக்கு இமை ஓரத்தில் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து, செதில் செதிலாக உரிந்து, அரிப்பும் வரும். எண்ணெய் இல்லாத நுரைச் சோப்பை மென்மையான பிரஷில் எடுத்து வேர்ப் பக்கம் தடவிக் கழுவி, ஈரத்தை ஒற்றினால் போதும்.

கழற்ற வேண்டுமென்றால் பிய்க்காதீர்கள். நக பாலிஷ் ரிமூவரைக் கண் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சலூனில் கிரீம் ரிமூவர் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகி வழுக்கிக்கொண்டு வரும். இமை வீங்கி, பார்வை மங்கி, வெளிச்சம் பார்த்தாலே கூசினால் சலூனுக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், பதிவுக்கு ஒரு வெள்ளிதான். தேவையென்றால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். இமைப் பசை ஒத்துக்கொள்ளாது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதை எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும், பிரசவத்துக்கு முன்னாலும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள். காயத்தைத் தையலில்லாமல் மூட மருத்துவமனைகளில் பயன்படுத்தும் பசையும் சயனோஅக்ரிலேட் குடும்பம்தான்.